பிலோமியின் பெயரை எந்தச் செபத்தில் சொல்வது

1

கல்லறைத் திருநாள் போன வாரம்தான் முடிந்தது. மதுரையில் ஐப்பசி மழை இன்னும் விடவில்லை. அன்றைக்குக் கட்டியிருந்த சேலையின் முந்தானையில் மெழுகு சிந்தியிருக்கிறது. அதைச் சுரண்டாமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

சிலோனில் நம் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குப் பொன்விழா வருகிறது, மலர் போடுகிறோம், இந்தியாவுக்குப் போனவர்களும் இரண்டு வார்த்தை எழுதுங்கள் என்று உபதேசியார் எழுதியிருந்தார். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு. அதிலும் கொழுந்து நிறைய இருக்கும் மாதங்களில் பாதி நாள் போனதில்லை. நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கமாட்டேன் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். எழுதுகிறபோது எதிரே யாரும் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது வேண்டாம். கடைசியில் கேட்கிறேன்.

2

தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருட்டியதும் குடும்ப செபம் நடக்கும். மாதா படத்துக்கு முன்னால் விளக்கு, அதற்குக் கீழே நாங்கள் நாலு பேர். செபமாலை முடிந்ததும் பெயர்களைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் எப்போதும் செத்தவர்களிலிருந்துதான் தொடங்குவார். அவருடைய அப்பா, அம்மா, பிறந்த வாரத்திலேயே போன எங்கள் மூத்த குழந்தை, அட்டை கடித்துச் சீழ் பிடித்து இறந்த சித்தப்பா என்று வரிசையாக வரும். உயிரோடு இருக்கிறவர்களிடம் வந்து சேர்வதற்குள் சின்னவன் சூசை என் மடியில் தூங்கிவிடுவான். எனக்கும் கண் சொக்கும்.

ஒரு நாள் மகள் பிலோமி வரிசையை மாற்றிவிட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. இருக்கிறவர்களை முதலில் சொல்வோம், பிறகு தூரத்தில் இருக்கிறவர்கள், பிறகு நோயாளிகள், கடைசியில்தான் செத்தவர்கள் என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பெரியவர்களைப் பின்னால் தள்ளலாமா என்று கேட்டார்.

"செத்தவங்க காத்திருப்பாங்கப்பா. அவங்க என்ன காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பிரட்டுக்கா ஓடணும்? இருக்கிறவங்களுக்குத்தான் அவசரம்."

அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வரிசைதான். இருக்கிறவர்களுக்கும் தூரத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த மந்திரம். செத்தவர்களுக்கு இளைப்பாற்றி செபம். இரண்டும் கலக்கக் கூடாது.

3

இந்திய, சிலோன் அரசாங்கங்கள் இரண்டும் சேர்ந்து நம்மைப் பங்கு போட்டது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு இந்தியா என்று வந்தது. பிலோமியைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குச் சிலோன் என்று வந்தது. இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டம் அது. மகளை விட்டுவிட்டுப் போவதா என்று அவர் ஒரு மாதம் சாப்பிடவில்லை. ஆனால் குடும்ப அட்டை வந்துவிட்டது, தேதி வந்துவிட்டது.

ஒப்பாரிக் கோச்சி என்று நீங்கள் சொல்வீர்களே, அந்த ரயிலில்தான் தலைமன்னாருக்கு ஏறினோம். பிலோமி ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். மற்றவர்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "செபத்துல என் பேர விட்டுறாதீங்கம்மா, தூரத்துல இருக்கிறவங்க வரிசைல மொதல்ல சொல்லுங்க" என்றாள். வரிசை போட்டவளே தன் இடத்தையும் சொல்லிவிட்டாள் என்று கப்பலில் நினைத்துக்கொண்டேன். அந்தக் கடலைத் தாண்டுகிறவரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. முழுகிப்போனால் எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவார்கள் என்று ஒரு பயம்.

மண்டபம் முகாமில் மேசைக்கு முன்னால் நின்றோம். எத்தனை பிள்ளைகள் என்று அதிகாரி கேட்டார். என் வீட்டுக்காரர் வாய் திறப்பதற்கு முன்னால் நான் இரண்டு என்றேன்.

"அட்டையில ஒண்ணுதானம்மா இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"அங்க."

"அங்க இருக்கிறது இங்க கணக்கில்ல."

அந்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. பின்னால் நீளமாக வரிசை நின்றது. ஆனாலும் இன்றுவரை ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது அதே கேள்வியைக் கேட்டால் காது கேட்காதவள் மாதிரி பையைத் துழாவுவேன். இரண்டு என்று சொல்லவும் பயம், ஒன்று என்று சொல்லவும் பயம்.

4

என் வீட்டுக்காரருக்கு மதுரையில் ஒரு பஞ்சு மில்லில் வேலை கிடைத்தது. சிம்மக்கல்லில் ஆற்றுக்குப் போகிற சந்தில் ஒரு காம்பவுண்டு வீடு பிடித்தோம். ஆறு குடித்தனம், ஒரே குழாய். அங்கே நம்மை இந்தியாக்காரர்கள் என்றார்கள், இங்கே சிலோன்காரர்கள் என்கிறார்கள். நான் ரயிலைக் கோச்சி என்பேன், ரொட்டியைப் பாண் என்பேன். குழாயடியில் சிரிப்பார்கள். சிரிப்பார்களே என்று பயந்து நான் பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

குடும்ப செபத்தைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்வோம். வெட்கம்தான் காரணம். எதிர்வீட்டு முத்துப்பேச்சிக்கு அது பொறுக்கவில்லை. அவள் சந்தையில் காய்கறி விற்கிறவள், கையும் வாயும் சும்மா இருக்காது.

"ஏ சிலோன்காரம்மா, கதவச் சாத்திக்கிட்டு என்னதான் மொணமொணன்னு சொல்லுவீக? சாமி கும்புடுறதுக்கு எதுக்கு இம்புட்டு ஒளிவு? தெறந்து போட்டு நல்லா சத்தமாக் கும்புடுங்க, எங்களுக்கும் கொஞ்சம் புண்ணியம் வரட்டும்."

அதிலிருந்து கதவைத் திறந்து வைத்தோம். நான் பெயர்கள் சொல்லும்போது அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். நாளடைவில் எங்கள் வரிசை அவளுக்கே மனப்பாடம்.

சூசை வரும்போது பன்னிரண்டு வயது. வந்த ஒரே வருஷத்தில் மதுரைக்காரன் ஆகிவிட்டான். வகுப்புப் பையன்கள் வாசலில் நிற்கிறார்கள் என்றால் முழந்தாளில் இருக்கமாட்டான், எழுந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி வரும். சின்னப்பிள்ளைதானே என்று அவர் விட்டுப்பிடித்தார். எனக்கு அப்போதே மனதுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது.

பிலோமியின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு பெண் குழந்தை பிறந்தது. கோயிலில் அவள் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும்போது படம் அனுப்புகிறேன் என்று எழுதினாள். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அதே கேள்வி இருக்கும்: செபத்தில் என் பெயர் வருகிறதா?

5

அவர் கொடுத்துவைத்தவர். எண்பத்து மூன்று ஆடிக்கு முந்தின வருஷமே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

ஆடிக் கலவரத்தின்போது நீங்கள் பட்டதை உங்களுக்கே நான் சொல்லவேண்டியதில்லை. இங்கே கடைகளை எல்லாம் அடைத்தார்கள். சுவரெல்லாம் சுவரொட்டி. டீக்கடைக்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் என்னைப் பார்த்தால், "அம்மா, ஒங்க ஆளுக எல்லாம் நல்லா இருக்காகளா" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். பதில் தெரியாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டியவள் நான். தபால்காரர் சைக்கிள் மணி சந்து முனையில் கேட்டாலே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவேன். வந்தால் என்ன எழுதியிருக்குமோ என்றும் பயம், வராமல் போனால் அதற்கு என்ன அர்த்தமோ என்றும் பயம்.

நான் எழுதிய கடிதங்களில் சில திரும்பி வந்தன. சில வரவும் இல்லை. உபதேசியாருக்கு எழுதினேன். பிலோமி இருந்த தோட்டத்து ஆட்கள் சிதறிவிட்டார்கள், சிலர் வவுனியாப் பக்கம் போனதாகக் கேள்வி, விசாரித்துச் சொல்கிறேன் என்று பதில் எழுதினார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் கோயில் கூரை ஒழுகுவது இருக்கும், புதுச் சாமியார் வந்தது இருக்கும். அது மட்டும் இருக்காது. நானும் மறுபடி கேட்கவில்லை.

அந்த ஐப்பசியில் கல்லறைத் திருநாள் வந்தது. இறந்தவர்களின் பெயர்களை முன்கூட்டியே கொடுத்தால் பூசைக்கு முன் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். எங்கள் தெருவில் பெயர்களைச் சேர்த்துக் கொடுப்பது திரேசம்மா. மரியாயின் சேனை என்ற பக்த சபையில் தலைவி அவள். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பாள். அவர் இறந்தபோது எங்களுக்கு இந்த ஊரில் உறவு இல்லை என்று தன் புருஷனையும் அண்ணனையும் கூட்டி வந்து பாடை தூக்க வைத்தவள் அவள்தான்.

சாமியார் வாசித்துக்கொண்டே வந்தார். சந்தியாகு என்று என் வீட்டுக்காரர் பெயர் வந்தது. நான் தலையைக் குனிந்து சிலுவை போட்டேன். அடுத்த பெயர், "பிலோமினா, சிலோன்" என்று வந்தது.

அந்தக் கோயிலில் பெயருக்குப் பின்னால் சிலோன் என்று போட எங்கள் வீட்டைத் தவிர வேறு வீடு கிடையாது.

நான் எழுந்து நின்றதே எனக்குத் தெரியாது. என் வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையது மாதிரி இல்லை.

"சாமி, அவ சாகல."

கோயில் முழுக்கத் திரும்பியது. சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சரிம்மா, உக்காருங்க" என்றார். பிறகு அடுத்த பெயரை வாசித்தார். அதற்கு மேல் பூசையில் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

6

அன்று சாயங்காலமே திரேசம்மா வந்தாள். நான் பேசமாட்டேன் என்று தெரிந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். அகதி முகாமிலிருந்து வந்த ஒரு குடும்பம் பிலோமி இருந்த தோட்டத்தைப் பற்றிச் சொன்னதாம். லயமெல்லாம் எரிந்துவிட்டது, ஒருத்தரும் அங்கே இல்லை என்றார்களாம். என்னிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தெரிந்த பிறகு சும்மா இருக்கவும் மனம் வரவில்லை.

"ஆள் இல்லன்னுதான சொன்னாக. செத்துட்டான்னு யாரும் சொன்னாகளா?" என்றேன்.

"சொல்லலக்கா. கேட்டுப் பாத்தேன், அவுகளுக்குத் தெரியல."

"பெறகு எதுக்கு எம்மகள அந்த வரிசைல சேத்த?"

அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உசுரோட இருந்தா அந்தப் பூசை அவள ஒண்ணும் செய்யாது. ஒருவேளை செத்துக் கெடந்தா? ஒரு பூசை இல்ல, ஒரு மெழுகுதிரி இல்ல. உத்தரிக்கிற ஸ்தலத்துல பெத்த தாய் செபம்கூட வராம அவ எம்புட்டு நாளைக்குக் கெடந்து வேகுறது?"

அதைச் சொல்லிவிட்டு அவளும் அழுதாள், நானும் அழுதேன். அவள் போன பிறகு அந்த வார்த்தை மட்டும் போகவில்லை.

அதுவரைக்கும் எனக்கு ஒரே பயம்தான் இருந்தது. இளைப்பாற்றி செபத்தில் பெயரைச் சொன்னால் நானே அவளைக் குழியில் இறக்கின மாதிரி. அன்றிலிருந்து இரண்டாவது பயமும் சேர்ந்துகொண்டது. சொல்லாமலே இருந்து, அவள் அங்கே இருந்தால்? என் பிடிவாதத்தால் என் பிள்ளையே நெருப்பில் காத்துக் கிடந்தால்?

முத்துப்பேச்சி வேறொரு வழி சொன்னாள். "கோடாங்கிகிட்டக் கேட்டுருவோம்க்கா. உடுக்கையத் தட்டுனா ஒரே நிமிசம், இருக்காளா இல்லையான்னு சொல்லிருவான். ஒங்க சாமிக்குத் தெரியாம நான் போயிட்டு வாரேன்." நாங்கள் அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு விசுவாசம் என்று அவள் ஆச்சரியப்பட்டாள். எனக்குக் கோடாங்கியின் பதில் மேல் இருந்த பயம் அவளுக்குத் தெரியாது.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டேன். அவர் வயதானவர், நிதானமாகச் சொன்னார். "நம்ம செபம் தபால் இல்லம்மா, விலாசம் தப்பினா திரும்பி வர. எங்க போய்ச் சேரணுமோ அங்க ஆண்டவர் சேர்ப்பார்." அது சரியாகத்தான் இருக்கும். அவர் படித்தவர். ஆனால் நான் மகளுக்கு எழுதிய கடிதங்கள் என்ன ஆயின என்று பார்த்தவள். எனக்கு அந்த ஆறுதல் வீடு வருகிறவரைக்கும்தான் நின்றது.

7

கோயிலில் நடந்ததைச் சூசைக்குக் குழாயடியில் சொல்லிவிட்டார்கள். அப்போது அவன் லாரியில் கிளீனராக இருந்தான். வீட்டுக்குள் வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அக்காவக் கோயில்ல வச்சே கொன்னுட்டாகளா? இனி என்னைய அங்க கூப்புடாதீக."

அதோடு பூசையை விட்டான், வீட்டுச் செபத்தையும் விட்டான். நான் விளக்கேற்றினால் அவன் எழுந்து குழாயடிக் கல்லில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைப்பான். தனியாக முழந்தாளில் இருந்து நானே மந்திரம் சொல்லி நானே பதில் சொல்வேன். ஒரு பிள்ளையின் உயிருக்குப் பயம், ஒரு பிள்ளையின் ஆத்துமத்துக்குப் பயம். எந்தப் பிள்ளைக்காக முதலில் அழுவது என்று தெரியாமல் பல நாள் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவேன். பிலோமியின் பெயரைத் தூரத்தில் இருக்கிறவர்கள் வரிசையில்தான் சொன்னேன். அந்த இடம் வந்ததும் விளக்குத் திரியைத் தூண்டப் போவேன். சில நாள் எதிர்வீட்டிலிருந்து முத்துப்பேச்சியே, "பிலோமி" என்று எடுத்துக் கொடுப்பாள்.

சூசை டிரைவர் ஆன பிறகு சிம்மக்கல் மொத்தக் கடைகளிலிருந்து மண்டபம் பக்கம் சரக்கு ஏற்றிப்போவான். சிலோனிலிருந்து படகில் தப்பி வந்தவர்கள் முகாமில் நிறைந்திருந்த காலம் அது. இறக்கி முடித்ததும் உள்ளே போய், எந்தத் தோட்டம், எந்தப் பக்கம் என்று விசாரிப்பான். நான் போகச் சொன்னதில்லை. திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே தலையை ஆட்டுவான். "இல்லம்மா, அந்தப் பக்கத்து ஆளுக யாரும் வரல." எனக்கு அப்போதுதான் மூச்சு வரும். அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே உலையை வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு நாள் மண்டபத்திலிருந்து வந்தான். செருப்பைக் கழற்றினான். தலையை ஆட்டவில்லை. குழாயடிக்குப் போய் வாளி வாளியாக ஊற்றிக் குளித்தான். நான் விளக்கேற்றினேன். அவன் ஈரத்தலையோடு உள்ளே வந்து எனக்குப் பின்னால் முழந்தாளிட்டான்.

இத்தனை வருஷம் எந்த வரத்தை மாதாவிடம் கேட்டேனோ அது நடந்துவிட்டது. என் பிள்ளை செபத்துக்கு வந்துவிட்டான். எனக்கு முதுகு சில்லிட்டுப்போனது.

தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் செபித்தோம், பதில் சொன்னான். செத்தவர்களுக்கு வந்தோம். அவன் அப்பா பெயரைச் சொன்னேன், என் அம்மா அப்பா பெயரைச் சொன்னேன், முடித்துச் சிலுவை போட்டுத் திரும்பினேன். அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. சத்தமில்லாமல் ஒரு பெயர் சொன்னான். உதடு ஒரு தடவை சேர்ந்து பிரிந்தது, இன்னொரு தடவை சேர்ந்து பிரிந்தது. சந்தியாகு என்றால் உதடு சேராது. பிலோமி என்றால் சேரும்.

நான் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டான்.

அன்றிலிருந்து ஊரில் இருக்கும் நாளெல்லாம் செபத்துக்கு வருகிறான். ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கினான். திரேசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீகளாக்கா, ஒங்க கண்ணீரு வீண் போகல" என்றாள். நான் ஆமாம் என்றேன். மண்டபம் போய்வந்த நாட்களில் மட்டும் அவன் முகத்தை நான் பார்ப்பதில்லை. அவனும் முன்னைப்போல ஒன்றும் சொல்வதில்லை.

8

இந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அவனே மெழுகுதிரி வாங்கி வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கல்லறையில் ஏற்றிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை ஒன்று உண்டு. வேறு ஊரில் புதைக்கப்பட்டவர்களுக்கும் புதைத்த இடம் தெரியாதவர்களுக்கும் அதன் அடியில்தான் ஏற்றுவார்கள். நான் இத்தனை வருஷமும் அந்தப் பக்கம் போனதில்லை.

சூசை சட்டைப் பையிலிருந்து இன்னொரு திரியை எடுத்தான். அந்தச் சிலுவையைப் பார்த்து நடந்தான்.

"யாருக்குடா?"

என்னை மீறித்தான் வாய் கேட்டது. அவன் நின்றான். திரும்பவில்லை.

"ஆருமில்லாதவகளுக்கும்மா."

அவன் பொய் சொல்லும்போது கழுத்தைத் தடவுவான், சின்ன வயதிலிருந்தே. அன்றைக்கும் தடவினான். நான் குடையை அவர் கல்லறைப் பக்கம் சாய்த்துக்கொண்டு, தூரத்தில் இருக்கிறவர்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள் நிறைந்த மந்திரமும் சொன்னேன். மெழுகு முந்தானையில் சிந்தியது அப்போதுதான்.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உபதேசியாருக்கு ஏதாவது தெரிந்திருக்கும். உங்களில் வேறு சிலருக்கும் தெரிந்திருக்கலாம். எனக்கு எழுத வேண்டாம். பொன்விழாப் பூசையில் பிலோமினா என்று ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த இடத்தில் சொல்ல வேண்டுமோ அந்த இடத்தில் சொல்லுங்கள். சூசை அவனுக்குத் தெரிந்த இடத்தில் சொல்கிறான். நான் அவள் கேட்டுக்கொண்ட இடத்தில் சொல்கிறேன். ஒருவேளை நான் தப்பாக இருந்தாலும் அவள் என்னைக் கோபித்துக்கொள்ளமாட்டாள். செத்தவர்கள் காத்திருப்பார்கள் என்று சொன்னவள் அவள்தான்.